ஒரு வாசல், ஒரு காளை: ‘நடப்பில் ஒன்றே’ என்ற விதியும் தரவுத்தளங்களும்

2025 பொங்கலுக்கு மதுரை மாவட்டத்தின் மூன்று ஜல்லிக்கட்டுகளுக்கும் இணையத்தில் பதிவான காளைகள் 12,632. மாடுபிடி வீரர்கள் 5,347 பேர். அலங்காநல்லூருக்கு மட்டும் 5,786 காளைகள் பதிவாகின. ஒரு பகலில் அங்கே அவிழ்த்துவிட முடிவதோ சுமார் ஆயிரம். கூடவே ஒரு கட்டுப்பாடு: ஒரு காளை அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் இறங்கலாம். களத்துக்குள் போனால் இன்னும் சில ‘ஒன்று’கள். வாடிவாசலில் ஒரு நேரத்தில் ஒரு காளைதான் வர வேண்டும். அதன் திமிலை ஒருவர்தான் அணைய வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து தொங்கினால் பிடி செல்லாது. “ஒருத்தர் மட்டும் பிடிங்கப்பா” என்று ஒலிபெருக்கி நாள் முழுக்கக் கத்தும். வீரர் மார்பில் இருக்கும் எண்ணும் அப்படித்தான், ஓர் எண்ணுக்கு ஓர் ஆள்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விதி. வாடிக்கையாளருக்கு முகவரி பல, வழக்கமான முகவரி ஒன்று. பள்ளிக்குக் கல்வியாண்டுகள் பல, நடப்பாண்டு ஒன்று. சரக்குக்கு விலைகள் பல, இன்றைய விலை ஒன்று. பழைய பதிவுகள் எத்தனை வேண்டுமானாலும் கிடக்கட்டும், நடப்பில் உள்ளது ஒன்றாக இருக்க வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. எழுத உட்கார்ந்தால் அனுபவசாலிகளே தடுக்கி விழுகிறார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970 ஜூனில் உறவுமுறைத் தரவுத்தளத்துக்கு அடித்தளம் போட்டார். அவர் தந்த முதன்மைச் சாவி ‘எல்லாப் பதிவுகளுக்குள்ளும் இது ஒன்றே’ என்பதைச் சொல்லும். ‘இந்த நிலையில் இருக்கும் பதிவுகளுக்குள் மட்டும் இது ஒன்றே’ என்பதைச் சொல்ல அதற்கு வாய் இல்லை. 1992-இன் எஸ்க்யூஎல் தரநிலை ‘அசெர்ஷன்’ என்ற பொதுவான வழியைத் தந்தது. அட்டவணை முழுவதையும் பற்றிய எந்த விதியையும் அதில் எழுதிவிடலாம். புழக்கத்தில் இருக்கும் பெரிய தரவுத்தளங்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாக அதைத் தொடவே இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு அட்டவணையையும் சரிபார்ப்பது அவற்றுக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்தக் காலியிடத்தில்தான் ஆளுக்கொரு முறை முளைத்தது. அவற்றை அலங்காநல்லூர்ப் பதிவை வைத்தே பார்ப்போம். அந்த விதிகளுக்கு நாமே ஒரு தரவுத்தளம் வரைவதாக வைத்துக்கொள்வோம்.

எல்லோரும் முதலில் போடுவது கொடி. விண்ணப்ப அட்டவணையில் ‘நடப்பில்’ என்று ஒரு புலம். ஆம் அல்லது இல்லை. புது விண்ணப்பம் வந்தால் அந்தக் காளைக்கு ஏற்கெனவே ‘ஆம்’ உள்ளதா என்று நிரல் பார்க்கும், இல்லையென்றால் சேர்க்கும். சோதனை செய்யும் மேசையில் இது ஒருநாளும் தவறாது. பதிவு திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் தவறும். மாட்டுக்காரர் கம்ப்யூட்டர் சென்டரில் பாலமேட்டை அழுத்துகிறார், அதே நொடியில் வீட்டில் அவர் மகன் கைபேசியில் அலங்காநல்லூரை அழுத்துகிறான். இரண்டு கோரிக்கைகளும் ‘உள்ளதா?’ என்று பார்க்கின்றன. இன்னொன்று முடியாத நிலையில் இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வருகிறது. இரண்டும் சேர்க்கின்றன. இரண்டு பேர் மேலும் தப்பில்லை, நிரலில் எழுத்துப் பிழையும் இல்லை. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஒரு சந்து இருந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சந்துக்குள் நுழையும் கோளாறுகளை ஜிம் கிரே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1995-இல் எழுதிய ஒரு கட்டுரை வகைப்படுத்தியது. தனிமைப்படுத்தல் நிலைகள் என்று தரநிலை சொல்வதில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்பதை அது பிட்டுப் பிட்டு வைத்தது. டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்துவிட்டேன், பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் படிக்க வேண்டிய ஒன்று. பெரும்பாலான தரவுத்தளங்கள் இயல்பாக வைத்திருக்கும் நிலையில் டிரான்சாக்‌ஷன் இந்த இரட்டைப் பதிவைத் தடுக்காது. ஆக உயர்ந்த ‘சீரியலைசபிள்’ நிலையில் தடுக்கும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் 2011-இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து அதை ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் மோதிய டிரான்சாக்‌ஷன் ஒன்றைத் தரவுத்தளம் கலைத்துவிடும், நிரல் அதை மறுபடி ஓட்ட வேண்டும். அந்த மறு ஓட்டத்தை எழுத மறந்த நிரல்களைத்தான் அதிகம் காண்கிறோம்.

பூட்டுப் போடலாம். விண்ணப்பப் பதிவைப் பூட்டுவதில் பயனில்லை, இன்னும் பிறக்காத பதிவுக்கு எங்கே பூட்டுவது? காளையின் பதிவைப் பூட்ட வேண்டும். அந்தக் காளையைப் பற்றிய எல்லா வேலையும் முதலில் காளைப் பதிவைப் பூட்டிவிட்டே தொடங்கும் என்று ஒழுங்கு வைத்தால் இந்த முறை பழுதில்லாமல் நடக்கும். அந்த ஒழுங்கை எல்லோரும், எப்போதும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதுதான் இடர். இரண்டு ஆண்டு கழித்து வேறொருவர் இரவோடு இரவாக ஒரு கோப்பிலிருந்து ஐந்நூறு விண்ணப்பங்களை ஏற்றும் சிறு நிரல் எழுதுவார். அவருக்கு இந்த ஒழுங்கு தெரிந்திருக்காது. டிரிகர் எழுதி விதியைத் தரவுத்தளத்துக்குள் கொண்டுபோகிறவர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். டிரிகர் ‘உள்ளதா?’ என்று பார்க்கும்போதும், முடியாத அடுத்த டிரான்சாக்‌ஷன் அதன் கண்ணுக்குத் தெரியாது.

என் கட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘நடப்பில்’ என்பது ஒரு பதிவின் குணமே கிடையாது. ஒரு காளையின் எல்லா விண்ணப்பங்களும் சேர்ந்த கூட்டத்தைப் பற்றிய செய்தி அது. அதைத் தனித்தனிப் பதிவில் எழுதிவிட்டு, கூட்டத்தில் ஒழுங்கு நிலவும் என்று எதிர்பார்ப்பதில்தான் தொல்லை தொடங்குகிறது. களத்தில் ஒரே சமயம் இரண்டு காளை வராமலிருக்கக் காரணம் கமிட்டிக்காரர்களின் கண்காணிப்பு மட்டுமல்ல, வாசலின் அகலமும்தான். விதியை அகலம் குறைந்த இடத்தில் வைக்க வேண்டும்.

அந்தக் குறுகிய வாசல் தரவுத்தளங்களில் இண்டெக்ஸ். யுனிக் இண்டெக்ஸில் இரண்டாவது பதிவு நுழையும்போது, முதலாவது இன்னும் முடியாமல் இருந்தாலும், அது முடியும்வரை காத்திருந்து பிறகு தீர்ப்புச் சொல்லும். மேலே சொன்ன சந்து இங்கே கிடையாது. நமக்கு வேண்டியது ‘நடப்பில் உள்ளவை’ மட்டும் இடம்பெறும் யுனிக் இண்டெக்ஸ். நிபந்தனை ‘நடப்பில் = ஆம்’, தனித்திருக்க வேண்டியது காளையின் அடையாளம். ரத்தான விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டவையும் அட்டவணையில் எத்தனை இருந்தாலும் இண்டெக்ஸுக்குள் வராது, சண்டை போடாது. போஸ்ட்கிரஸில் 2002 முதல் இது இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2008 பதிப்பில் கொண்டுவந்தது. நம் எல்லோருடைய கைபேசியிலும் உள்ள எஸ்க்யூலைட்டில் 2013-இல் வந்தது. பைத்தான் நிரலர்களுக்கு டிஜாங்கோ 2.2 (2019) அதை மாடலிலேயே எழுதும் வசதியைத் தந்தது. அதற்கு முன்பு சேமிக்கும் செயல்கூறுக்குள் ‘மற்ற எல்லாவற்றையும் இல்லை ஆக்கு’ என்று எழுதி வைத்தவர்களின் நிரல்கள் இன்னமும் பல அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மைஎஸ்க்யூஎல்லில் நிபந்தனை இண்டெக்ஸ் இல்லை. ஒரு குறுக்கு வழி உண்டு. யுனிக் இண்டெக்ஸில் வெற்று மதிப்புகள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஆகவே நடப்பில் இருந்தால் காளையின் எண், இல்லையென்றால் வெற்று என்று கணக்கிடும் ஒரு புலத்தை வைத்து (2015-இன் 5.7 பதிப்பு முதல் முடியும்) அதன்மேல் யுனிக் போடலாம். ஆரக்கிள்காரர்கள் இதையே செயல்கூறு இண்டெக்ஸால் வெகு காலமாகச் செய்து வருகிறார்கள். எச்சரிக்கை ஒன்று: எஸ்க்யூஎல் சர்வரில் வெற்றும் வெற்றும் சமம். அங்கே இந்த வித்தையைக் காட்டினால் இரண்டாவது ரத்து விண்ணப்பமே உள்ளே வராது. கொடிப் புலத்தில் ‘ஆம்’, ‘வெற்று’ என இரண்டே மதிப்பு வைத்து யுனிக் போடும் பழைய பழக்கமும் இதன் உறவுதான். வேலை செய்யும். ஆனால் யாரோ ஒருவர் வெற்றுக்குப் பதில் ‘இல்லை’ என்று எழுதும் நாளில் பழைய விண்ணப்பங்கள் தங்களுக்குள்ளேயே மோத ஆரம்பிக்கும்.

கோயில் காளையையும் நினைத்துக்கொள்ளுங்கள். அலங்காநல்லூரில் முதலில் வருவது முனியாண்டி கோயில் காளை. அதை யாரும் பிடிப்பதில்லை. பரிசுக் கணக்கில் அதற்கு வேலை இல்லை. பதிவேட்டில் எல்லாக் காளைகளோடும் அதை ஒரே அட்டவணையில் வைத்தால், நிபந்தனையில் ‘போட்டிக் காளை’ என்ற சொல்லும் சேர வேண்டும். விதிவிலக்கை இண்டெக்ஸின் நிபந்தனையிலேயே எழுதிவிடுவது நல்லது. தனி நிரலில் எழுதினால் அடுத்த பொங்கலுக்குள் மறந்துபோகும்.

மாற்றும் வேளையில்தான் புதிய சிக்கல். மாட்டுக்காரர் பாலமேட்டை விட்டு அலங்காநல்லூருக்கு வருகிறார். முதலில் பழையதை ரத்து செய்து, பிறகு புதியதை நடப்பாக்க வேண்டும். வரிசை மாறினால் இண்டெக்ஸ் எகிறும். சாமர்த்தியமாக ஒரே கட்டளையில் இரண்டையும் மாற்ற நினைத்தால் போஸ்ட்கிரஸ் சில வேளை மறுக்கும். அது ஒவ்வொரு பதிவாக மாற்றும்போதே சரிபார்க்கிறது. எந்தப் பதிவை முதலில் தொடும் என்பது நம் கையில் இல்லை. டிரான்சாக்‌ஷன் முடியும்போது சரிபார் என்று தள்ளிவைக்க நிபந்தனை இண்டெக்ஸில் வழியில்லை. அதே தரவுத்தளத்தின் ‘எக்ஸ்க்ளூஷன்’ கட்டுப்பாட்டில் நிபந்தனையும் போடலாம், தள்ளியும் வைக்கலாம். இது பலருக்குத் தெரியாது.

தள்ளிவைத்துச் சரிபார்ப்பது நம் சட்டத்துக்குப் புதிதல்ல. ஒரு வேட்பாளர் ஒரே பொதுத்தேர்தலில் இரண்டு தொகுதி வரை நிற்கலாம்; 1996-இல் வந்த உச்சவரம்பு அது. இரண்டிலும் ஜெயித்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 70-ஆம் பிரிவுப்படி, குறித்த காலத்துக்குள் ஒன்றைத் தவிர மற்றதை விட்டு விலக வேண்டும். விலகாவிட்டால் எல்லா இடமும் காலியாகும். விதி இருக்கிறது, மீறலும் சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளப்படுகிறது, கெடு முடிந்ததும் தீர்ப்பு. எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாட்டைத் தள்ளிவைக்கும்போது தரவுத்தளம் செய்வதும் இதே வேலைதான்.

அந்தப் பிரிவின் கடைசி வரி கவனிக்கத்தக்கது. மோதினால் யார் ஜெயிப்பது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வியும் இதுதான். காளை விண்ணப்பத்தில் முதலில் வந்தது நிற்கும், இரண்டாவது திரும்பிப் போகும். யுனிக் இண்டெக்ஸுக்கு இது இயல்பு. வாடிக்கையாளரின் வழக்கமான முகவரியில் பிந்தி வந்தது ஜெயிக்க வேண்டும், பழையது தானாக விலக வேண்டும். அங்கே பிழைச்செய்தி காட்டுவது அசட்டுத்தனம். வாடிவாசலில் மூன்றாவது வகை: இரண்டு பேர் பிடித்தால் இருவருக்குமே இல்லை, காளைக்கே வெற்றி. அந்த மூன்றாவது வகையை இண்டெக்ஸால் சொல்ல முடியாது. பிடிகள் எல்லாவற்றையும் நிகழ்வுகளாகப் பதிந்துவைத்து, முடிவைப் பின்னால் கணக்கிட வேண்டும். முதல் பிடியை மட்டும் ஏற்று இரண்டாவதை மறுத்த தரவுத்தளம், காளைக்குச் சேர வேண்டிய பரிசை மனிதனுக்குக் கொடுத்துவிடும்.

இனி சுட்டும் முறை. கொடியைத் தூக்கிவிட்டு, மேலே உள்ள பதிவில் ‘நடப்பு இதுதான்’ என்று ஓர் எண் எழுதுவது. களம் என்றொரு பதிவு, அதில் ‘இப்போது உள்ள காளை’ என்று ஒரே ஒரு புலம். ஒரு புலத்தில் இரண்டு எண் எழுத முடியாது என்பதால் விதி தானாகவே நிலைக்கிறது. இண்டெக்ஸ் வேண்டாம், பூட்டு வேண்டாம். இது எனக்குப் பிடித்த முறை, குறைகளோடுதான். முதல் குறை, காளைப் பதிவு களத்தைச் சுட்டும், களம் காளையைச் சுட்டும். ஒன்றையொன்று சுட்டும் இரண்டு பதிவுகளில் எதை முதலில் பிறப்பிப்பது? ஃபாரின் கீ சரிபார்ப்பைத் தள்ளிவைத்தால் தீரும். இரண்டாவது குறை பெரியது. அலங்காநல்லூர்க் களத்தின் புலத்தில் பாலமேட்டுக் காளையின் எண்ணை எழுதினாலும் சாதாரண ஃபாரின் கீ வாயைத் திறக்காது, அப்படியொரு காளை இருக்கிறது என்பதோடு அதற்குத் திருப்தி. களத்தின் எண்ணும் காளையின் எண்ணும் சேர்ந்த இரட்டைச் சாவியால் சுட்டினால்தான் வேற்றூர் மாடு உள்ளே வராது.

இண்டெக்ஸ் முறைக்கும் சுட்டும் முறைக்கும் உண்மையான வேறுபாடு வேறு இடத்தில். இண்டெக்ஸ் ‘அதிகபட்சம் ஒன்று’ என்கிறது. பூஜ்யம் இருந்தாலும் அதற்குச் சம்மதம். சுட்டும் புலத்தை வெற்றாக விடக்கூடாது என்று கட்டளையிட்டால் ‘ஒன்று இருந்தே தீர வேண்டும்’ என்றாகிறது. பள்ளியின் நடப்பாண்டுக்கு இரண்டாவது வேண்டும். வாடிவாசலுக்கு முதலாவது வேண்டும். ஒரு காளை கோட்டைத் தாண்டி அடுத்தது வரும்வரை களம் வெறுமைதானே. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ‘ஒன்றுதான் இருக்கணும்’ என்று எழுதித் தரும் தேவைப் பட்டியல்கள்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

பூஜ்யம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அலங்காநல்லூரின் சொந்த வரலாறே இருக்கிறது. ஜல்லிக்கட்டை நடத்த எந்தச் சட்டம் நடப்பில் உள்ளது என்று ஓர் அட்டவணை போடுங்கள். 2009-இல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2015 தையில் ஒன்றுமில்லை. 2016 ஜனவரி 7-இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மறுபடி ஒன்றுமில்லை. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் போராட்டம். 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் திருத்தச் சட்டம். நிரந்தரச் சட்டம் கேட்டு அலங்காநல்லூர்க்காரர்கள் ஜனவரியில் வாசலைத் திறக்கவிடவில்லை. பிப்ரவரி 10-இல்தான் காளைகள் வந்தன. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. இதற்கு ‘ஒன்று இருந்தே தீர வேண்டும்’ என்ற மாடல் போட்டிருந்தால், 2015-இலும் 2016-இலும் தரவுத்தளம் பொய் சொல்லியிருக்கும், அல்லது யாரோ ஒரு போலிப் பதிவைச் சேர்த்திருப்பார்கள்.

ஆம், இல்லை என்ற கொடியில் இந்த வரலாறு அடங்காது. ‘எந்த நாள் முதல், எந்த நாள் வரை’ என்று காலம் எழுதினால் அடங்கும். ‘நடப்பில்’ என்பது அப்போது கேள்வி கேட்கும் நாளைப் பொறுத்த விடையாகிவிடுகிறது. விதியும் மாறுகிறது: ஒன்றின் காலம் இன்னொன்றின் காலத்தின்மேல் விழக்கூடாது. போஸ்ட்கிரஸ் 2010-இல் எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாட்டையும் 2012-இல் கால இடைவெளி வகைகளையும் தந்து இதைத் தரவுத்தளத்திலேயே தடுக்க வழி செய்தது. எஸ்க்யூஎல் தரநிலையில் 2011-இல் காலம் சார்ந்த சாவிகள் இடம்பெற்றன. அந்த இலக்கணத்தையே கொண்ட ‘மேல்விழாமை’ விதி போஸ்ட்கிரஸ் 18-இல் 2025-இல் வந்து சேர்ந்தது. முடிவுத் தேதியை அந்த நாளையும் சேர்த்து எழுதுவதா, சேர்க்காமல் எழுதுவதா என்று முதல் நாளே தீர்மானியுங்கள். சேர்க்காமல் எழுதுவதே வசதி; ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே மதிப்பாக நிற்கும், நடுவில் ஒரு நொடி விழுந்து தொலையாது.

இன்னும் ஆழமான சிக்கலும் உண்டு. 2013 ஜனவரியில் நடப்பில் இருந்த சட்டம் எது? அன்று கேட்டால் 2009-ஆம் ஆண்டுச் சட்டம். அரசியல் சாசனப்படி அது செல்லாது என்று 2014-இல் தீர்ப்பு வந்த பிறகு அதே நாளைப் பற்றிக் கேட்டால் பதில் மாறுகிறது. ‘எது உண்மையாக இருந்தது’, ‘எப்போது நமக்கு அது தெரிந்தது’ என்ற இரண்டு காலக் கோடுகளையும் தனித்தனியாக வைக்கும் மாடல்கள் வங்கிக்கும் காப்பீட்டுக்கும் வேண்டும். மாட்டுப் பதிவுக்கு வேண்டாம். தேவைக்கு மேல் காலத்தைக் கட்டி இழுப்பவர்கள், நடப்புப் பதிவு எது என்று பார்க்கவே நாலு அட்டவணையை இணைக்க வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

காளையைத் தெரியாமல் இத்தனையும் வீண். ‘ஒரு காளைக்கு ஒரு விண்ணப்பம்’ என்றோமே, காளை என்று எதை வைத்து அடையாளம் காண்கிறோம்? உரிமையாளரின் ஆதார் எண்ணை வைத்தால், அண்ணன் பெயரில் பாலமேட்டிலும் தம்பி பெயரில் அலங்காநல்லூரிலும் ஒரே காளை போய்விடும், இண்டெக்ஸ் சிரித்துக்கொண்டே அனுமதிக்கும். இரண்டு காளை வைத்திருக்கும் நேர்மையான மாட்டுக்காரருக்கோ கதவு மூடும். தவறான சாவியின்மேல் போட்ட சரியான கட்டுப்பாடு இரண்டு பக்கமும் கெடுக்கும். நாடு முழுவதும் கால்நடைகளின் காதில் மாட்டும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது. சாவி அதுவாக இருந்தால் விதி காளையின்மேல் நிற்கும்.

எண்ணைப் பற்றி இன்னொன்று. 2021-இல் அலங்காநல்லூரில் முதலிடம் பெற்ற வீரர், 33 என்ற எண்ணுள்ள பனியனை வேறொருவரிடமிருந்து வாங்கி அணிந்து ஆடினார் என்று ஆள்மாறாட்டப் புகார் எழுந்தது. விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை போனது. புகாரின் சரி தவறு நமக்கு வேண்டாம். வடிவமைப்புக்கு இரண்டு பாடம் இருக்கிறது. இங்கே ‘நடப்பில் உள்ளவர்களுக்குள் மட்டும் எண் ஒன்றே’ என்ற நிபந்தனை இண்டெக்ஸ் தப்பான தேர்வு. காயம்பட்டு ஒருவர் வெளியேறியதும் அவர் எண் விடுதலையாகும், இன்னொருவருக்குப் போகலாம் என்று அது அனுமதிக்கும். வெளியேறியவரின் எண் போட்டி முடியும்வரை செத்ததுதான் என்று, நிபந்தனை எதுவும் இல்லாத முழு யுனிக் போட வேண்டும். இரண்டாவது, அப்படிப் போட்டாலும் அட்டவணையில் 33 ஒன்றாகவே இருக்கும், களத்தில் இரண்டு உடம்பு மாறியிருக்கும். சுற்றுக்குச் சுற்று நிறம் மாறும் பனியனை மாட்டும் இடத்தில் புகைப்படத்தோடு ஆளைச் சரிபார்ப்பது தரவுத்தளத்தின் வேலை கிடையாது. அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியரின் வேலை.

பல சர்வர்களில் ஒன்றுதான் தலைமை என்ற கேள்வியும் இதே குடும்பம்தான். ராஃப்ட் போன்ற நெறிமுறைகள் (2014) அதற்கென்றே பிறந்தவை, அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். ஒரே தரவுத்தளத்தில் தீர்க்கக்கூடியதை ஐந்து சர்வருக்குப் பரப்பி, பிறகு ராஃப்டைப் படிக்க உட்காருவது நம் துறையின் செல்லக் கெடுதல்.

அலங்காநல்லூருக்கு நான் வரைந்தால் இப்படி வரைவேன். விண்ணப்பத்தில் கொடிக்குப் பதில் நிலை: பதிவு, ஏற்பு, நிராகரிப்பு, ரத்து. முதல் இரண்டு நிலைகளுக்கு மட்டும் காது வில்லை எண்ணின்மேல் நிபந்தனை யுனிக். வீரர் எண்ணுக்கு நிபந்தனையற்ற யுனிக். களத்துக்குச் சுட்டும் புலம், வெற்றாக இருக்க அனுமதியோடு. பிடிகளுக்கு அழிக்காத நிகழ்வுப் பட்டியல். பிறகு சோதனை: இரண்டு இணைப்புகளைத் திறந்து, ஒன்றில் விண்ணப்பத்தைச் சேர்த்து டிரான்சாக்‌ஷனை முடிக்காமல் நிறுத்தி, மற்றதில் அதே காளையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது அங்கேயே காத்து நிற்க வேண்டும். முதலாவது முடிந்ததும் மறுக்கப்பட வேண்டும். அந்த மறுப்பைத் தரவுத்தளம் தரும் ஆங்கில வரியாகவே மாட்டுக்காரரின் திரையில் போடக்கூடாது. “இந்தக் காளைக்குப் பாலமேட்டில் விண்ணப்பம் உள்ளது. அதை ரத்து செய்துவிட்டு அலங்காநல்லூருக்குப் பதிவு செய்யலாம்” என்று சொல்லி, கீழே ரத்து செய்யும் பொத்தானையும் வைக்க வேண்டும்.